பேராளர்கள் கூடிய நாள்

(பொன்விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





பொன்விழா மலருக்காக நம் முன்னாள் நிர்வாகிகளின் பெயர்களைத் தொகுத்து வருகிறோம். "பழைய பெயர்களை அச்சடித்து என்ன பயன்?" என்று இளைஞர் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் பாட்டன்மார் ஊரின் வரலாற்றிலிருந்தே பதில் சொல்கிறோம்.

1947 டிசம்பரில் அகில இந்திய முஸ்லிம் லீக்கின் கவுன்சில் கராச்சியில் கூடியது. நாடு இரண்டாகிவிட்டது, கட்சியும் இரண்டாகப் பிரியட்டும் என்று முடிவானது. இந்தியப் பகுதி உறுப்பினர்களைக் கூட்டும் பொறுப்பு, அப்போது சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த திருநெல்வேலிப் பேட்டை முஹம்மது இஸ்மாயில் சாஹிப் தோளில் விழுந்தது. அவரைத்தான் பிறகு காயிதே மில்லத் என்று அழைத்தோம்.

லீக்கைக் கலைத்துவிடுவதே நல்லது என்று பலரும் சொன்ன காலம் அது. 1948 மார்ச் 10 அன்று, இன்று ராஜாஜி மண்டபம் எனப்படும் மண்டபத்தில் பேராளர்கள் கூடினார்கள். கலைப்பதா, தொடர்வதா என்று பேசினார்கள். தொடர்வதென்று தீர்மானித்தார்கள். தலைவர் இஸ்மாயில் சாஹிப், செயலாளர் மஹபூப் அலி பேக், பொருளாளர் ஹசன் அலி பி. இப்ராஹிம். அன்று அங்கே போகாமல் வீட்டில் இருந்திருந்தாலும் அந்தப் பேராளர்களை யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனாலும் போனார்கள். 1951 செப்டம்பரில் கட்சிக்குச் சட்டதிட்டமும் உருவானது.

தமிழரான காயிதே மில்லத்தை மலபாரின் மஞ்சேரித் தொகுதி மக்கள் 1962, 1967, 1971 என மூன்று முறை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1972-ல் அவர் மறைந்தபோது கட்சி அநாதையாகவில்லை. சிராஜுல் மில்லத் அப்துல் சமது சாஹிப் போன்றவர்கள் தமிழ்நாட்டில் பொறுப்பைத் தாங்கினார்கள்.

நம் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. 1951 டிசம்பர் 1-ல் ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்துக்கு நடந்ததுதான் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல். ஒன்பது இடங்களில் ரேடிக்கல் கட்சிக்கு ஆறு. அம்னோவும் முஸ்லிம் லீக்கும் சேர்ந்த அணிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வாக்குச்சீட்டால் வந்த இடம்.

கட்சியானாலும் சங்கமானாலும் அதைத் தாங்குவது கூட்டத்துக்கு வருகிறவர்கள்தான். இன்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கோரம் சேரக் காத்திருக்கிறோம். விருந்துக்கு நாற்காலி போதவில்லை. செயலாளர் பொறுப்புக்கோ ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய கூட்டக் குறிப்பேடு, ரசீதுப் புத்தகம், குழுப் படம் எது இருந்தாலும் சங்கத்தில் ஒப்படையுங்கள். படத்தில் நிற்பவர் யார் என்று அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்வோம். அடுத்து, வருகிற பொதுக்கூட்டத்துக்கு மகனையும் மகளையும் அழைத்து வாருங்கள். கணக்கைப் படிக்கட்டும், கேள்வி கேட்கட்டும், ஒரு பொறுப்பையாவது ஏற்கட்டும்.

நூறாம் ஆண்டு மலரில் அச்சாக வேண்டிய பெயர்கள் அவர்களுடையவை.