ஏரிக்கரையில் ஒரு வீரன்

நாவல் படிக்கும் மாணவர் பலர் வருணனைகளைத் தாண்டிவிடுகின்றனர். கதைதான் வேண்டுமாம்!

கல்கி 1950இல் தொடங்கிய ‘பொன்னியின் செல்வ’னின் முதல் அத்தியாயத்தைப் பாருங்கள். ஆடிப்பெருக்கு நாள். வீரநாராயண ஏரியில் புதுப்புனல் பொங்குகிறது. கரையில் குடும்பம் குடும்பமாகச் சித்திரான்னம் உண்கின்றனர். இவற்றையெல்லாம் யார் கண்ணால் காண்கிறோம்? களைத்த குதிரைமேல் வரும் வந்தியத்தேவன் கண்ணால். ஓலை கொண்டுசெல்லும் தூதன் நீர்ப்பெருக்கில் மனம் பறிகொடுக்கிறான் என்றால், அவன் இயல்பு விளங்கிவிடுகிறதல்லவா? ஏரியை வருணித்தபடியே ஆளையும் வரைந்துவிடுகிறார் ஆசிரியர்.

அடுத்து ஆழ்வார்க்கடியான்: முன்குடுமி, மேனியெங்கும் சந்தனம், கையில் தடி, ஓயாத வாதம்! அந்தத் தடியை மறந்த வாசகரை நான் கண்டதில்லை.

ஏரியைத் தாண்டிப் படித்த மாணவர், வந்தியத்தேவன் ஏன் வலியச் சென்று ஆபத்தில் சிக்குகிறான் என்று என்னிடம் வினவுவதுண்டு. அவரை முதல் அத்தியாயத்திற்கே திருப்பியனுப்புவேன்.