இரண்டு மருந்து, பன்னிரண்டு வாரம்



நான் மம்சாபுரத்துக்காரன், படித்தது இன்ஜினியரிங். ஆனாலும் இன்று ஒரு வைரஸ் கணக்கு சொல்கிறேன்.

ஹெபடைடிஸ்-சி ரத்தத்தின் வழியே தொற்றி, சத்தமில்லாமல் இருபது முப்பது வருஷம் ஈரலைக் கெடுப்பது. நோயாளி உடம்பில் தினமும் சுமார் ஒரு லட்சம் கோடி வைரஸ் உருவாகிறது என்று 1998-ல் கணக்கிட்டார்கள். அத்தனை நகலில் பிழைகளும் ஏராளம். ஒரு மருந்துக்கு மசியாத வைரஸ் அதற்குள்ளேயே இருக்கும். அதனால்தான் மருந்தை ஜோடியாகக் கொடுக்கிறார்கள்.

முன்பு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் கொடுத்தார்கள். பலர் ஒரு வருஷம் காய்ச்சலும் சோர்வுமாகப் பட்டும், ஏறக்குறையப் பாதிப் பேருக்குத்தான் குணம். இப்போது சோஃபோஸ்புவிர், வைரஸை நகலெடுக்கும் நொதியை நிறுத்துகிறது; டாக்ளாடஸ்விர் இன்னொரு புரதத்தை முடக்குகிறது. ஒன்றுக்குத் தப்பியது மற்றதில் மாட்டும். பெரும்பாலோருக்குப் பன்னிரண்டு வாரம் போதும். நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் குணம்.

சில வாரத்திலேயே ரத்தத்தில் வைரஸ் தெரியாமல் போகும். "அதான் போயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்திடாதீங்க! முழுதும் சாப்பிட்டு, முடித்த பன்னிரண்டாவது வாரமும் வைரஸ் இல்லை என்றால்தான் குணம்.

2018 ஜூலை 28-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த மருந்துகள் இலவசம். முன்காலத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால், ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள்.