விசா கடந்த வாழ்வும் பிள்ளைகளின் ஆவணங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இமாம் ஆற்றிய உரை)



ஐக்கிய அரபு அமீரகத்தில் விசா முடிந்த பின்னும் தங்கிவிட்ட தனியாளின் நிலை வேறு. கைக்குழந்தையோடு தங்கிவிட்ட குடும்பத்தின் நிலை வேறு. தனியாள் எப்படியேனும் ஒரு நாள் ஊர் வந்து சேர்ந்துவிடுவார். அங்கேயே பிறந்த குழந்தைக்கோ, ஊர் திரும்புவதற்கும் பாஸ்போர்ட் இராது. அங்கே இருப்பதற்கும் விசா இராது. இவ்வுரையில் அந்தக் குழந்தையைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

அமீரகத்தில் பிறந்த குழந்தைக்கு 120 நாட்களுக்குள் குடியிருப்பு விசா பெற்றாக வேண்டும். தந்தையின் விசாவே காலாவதியாகி இருப்பின், அவர் பிள்ளைக்கு ஸ்பான்சராக நிற்க இயலாது. விசா கடந்து தங்குவோருக்கு நாளொன்றுக்கு 50 திர்ஹம் அபராதம். ஓராண்டுக்கு ஒருவருக்கு மட்டும் 18,250 திர்ஹம் ஆகிறது. இத்தொகைக்கு அஞ்சியே குடும்பங்கள் ஒளிந்து வாழ்கின்றன. ஒளிந்து வாழ வாழத் தொகையும் ஏறிக்கொண்டே போகிறது. இதற்கிடையில் பிள்ளை பள்ளிக்கூட வயதை எட்டிவிடுகிறது.

2024 செப்டம்பர் முதல் நாளன்று அமீரக அரசு பொது மன்னிப்பை நடைமுறைப்படுத்தியது. இரண்டு மாதம் என்று தொடங்கி, டிசம்பர் 31 வரை அது நீட்டிக்கப்பட்டது. அபராதம் முழுவதும் தள்ளுபடி. ஊர் திரும்புவோருக்கு மீண்டும் வரத் தடையில்லை; வேலை கிடைத்தவர் அங்கேயே விசாவைச் சீர்செய்து கொள்ளலாம். பெற்றோர் விசா எடுக்காமல் விட்ட பிள்ளைகளும் இதில் சேர்க்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. இத்தகைய வாய்ப்பு 2018லும் வந்தது. அன்று பிறந்த பிள்ளைக்கு 2024இல் ஆறு வயது. ஆகவே அடுத்த மன்னிப்பு வரட்டும் என்று இருப்பது பெற்றோருக்கு வேண்டுமானால் பொறுமையாகத் தோன்றலாம். பிள்ளைக்கு அது இழப்பேயாகும்.

பிறந்த மண்ணே உரிமை தந்துவிடும் என்று நம்மில் சிலர் எண்ணுகின்றனர். அமீரகத்தில் அவ்வாறில்லை. நம் நாட்டிலும் 1987 ஜூலை முதல், இங்கு பிறந்தது மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தோர்க்கு விதி இன்னும் கடினம். பக்கத்துக் கும்மிடிப்பூண்டி முகாமையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990 முதல் அங்கு வாழும் ஈழத்தமிழரின் பிள்ளைகள் தமிழகத்துப் பள்ளிகளிலேயே பயின்றவர்கள். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு பெற்றவர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து 2025ஆம் ஆண்டு ஆணை விலக்களித்தது. தண்டனை நீங்கியது, குடியுரிமை அதனால் வந்துவிடவில்லை.

நம் பிள்ளைகளுக்கு இத்தகைய இடர்ப்பாடு இல்லை. பெற்றோர் இந்தியர், பிள்ளையும் இந்தியராகலாம். ஆனால் வெளிநாட்டில் பிறந்த குழந்தையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். தவறினால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும். விசா முடிந்துவிட்டது என்பதற்காக நம் தூதரகத்திற்குச் செல்ல அஞ்ச வேண்டியதில்லை. அது நம் நாட்டு அலுவலகம்; பாஸ்போர்ட் இல்லாதவருக்கு ஊர் திரும்ப அவசரச் சான்றிதழ் வழங்குவதும் அதன் பணியே. இடைத்தரகரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதைக் காட்டிலும் அங்கு நேரில் செல்வதே மேல்.

அங்கே பிறப்புச் சான்றிதழுக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது பெற்றோரின் திருமணச் சான்றிதழ். இவ்விடத்தில்தான் நம் ஜமாஅத்தின் பொறுப்பு தொடங்குகிறது. நிக்காஹ் தஃப்தரில் வீட்டில் அழைக்கும் பெயரை எழுதிவிட்டு, பாஸ்போர்ட்டில் வேறு பெயர் இருப்பின், அந்தச் சிறு வேறுபாடு குழந்தையின் தாள்வரை தொடரும். மேலும் 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருமணப் பதிவுச் சட்டப்படி, நிக்காஹ் நடந்த 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்தல் வேண்டும். மாப்பிள்ளை பயணம் புறப்படும் அவசரத்தில் இதனைத் தள்ளிப்போடும் வீடுகள் பல.

தஃப்தர் நகல் வேண்டுவோர் இஷாவுக்குப் பின் ஜமாஅத் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். வரும்போது இருவருடைய பாஸ்போர்ட் நகலையும் கொண்டு வாருங்கள். எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்துத் தரப்படும்.