யுத்தமா? கலகமா?
(காரைக்குடியில் செய்த பிரசங்கம்)



யுத்த தர்மம் என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். நாம் குருக்ஷேத்திரத்தைப் பற்றிப் பேசுவோம் என்று யாராவது வந்திருந்தால் அவர்கள் ஏமாற வேண்டியதுதான். ஆத்மா சாகாது, ஆகையால் வெட்டு என்கிற தர்மத்தைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. பக்கத்திலேயே சிறுவயல் இருக்க அவ்வளவு தூரம் போவானேன்?

சிறுவயல் சின்ன மருதுவின் ஊர். 1801-ம் வருஷம் ஜூலை கடைசியில் கர்னல் அக்னியூவின் பட்டாளம் வருகிறதென்று தெரிந்ததும், மருதுவின் ஆட்கள் ஊரைத் தங்கள் கையாலேயே கொளுத்திவிட்டுக் காட்டுக்குள் போனார்கள். காளையார்கோவிலுக்குப் பாதை போடுவதற்காக வெள்ளையர் ஒரு மாதம் மரம் வெட்டிப் பார்த்துவிட்டு, முடியாமல் திரும்பினார்கள். பிறகு செப்டம்பர் 12-ந் தேதி சோழபுரத்தில் வேறொருவருக்குச் சிவகங்கைப் பட்டம் கட்டி வைத்து, அக்டோபர் 1-ந் தேதி காளையார்கோவிலைப் பிடித்தார்கள்.

இதற்கு என்ன பெயர்? பட்டாளமும் பீரங்கியும் மாதக்கணக்காக ஒரு சீமையில் புகுந்து அடித்தால் யுத்தம் என்றுதான் எந்தப் பாமரனும் சொல்லுவான். ஆனால் கும்பினியார் அப்படிச் சொல்லவில்லை. மருதுகள் பட்டத்துக்கு உரிமையற்ற வேலைக்காரர்கள், கலகக்காரர்கள் என்றார்கள். ஜூலை 6-ந் தேதி சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் போட்ட விளம்பரத்தின் தாத்பரியம் இதுவே. பெயரில் என்ன இருக்கிறது என்பீர்கள். பெயரில்தான் எல்லாம் இருக்கிறது. யுத்தமென்றால் பிடிபட்டவன் கைதி. அவனைக் கொல்லக் கூடாது. கலகமென்றால் அவன் குற்றவாளி. அவனை விசாரிக்க வேண்டும். கும்பினியாரோ இரண்டு கடமையிலிருந்தும் தப்பித்துக் கொண்டார்கள். விசாரணை என்று சொல்லத்தக்க எதுவுமில்லாமலே அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள்.

(கோபுரத்தை இடிப்போம் என்று மிரட்டியதால் மருதுகள் தாமே வந்து சரணடைந்தார்கள் என்று ஒரு கதையுண்டு. துரத்திப் பிடித்தார்கள் என்பதே நிஜம்.)

இதற்குச் சாட்சி எதிரியே. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்காரச் சிப்பாய் அதிகாரிக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவர் சின்ன மருது. அதே மனிதரை வேட்டை மிருகத்தைப் போல் துரத்தியதையும், தொடை எலும்பு முறிந்து சிறையில் கிடக்கக் கண்டதையும் வெல்ஷ் 1830-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். நடக்க முடியாதவனைத் தூக்கிலிட்டதில் எந்த ராஜ்யத்துக்கு என்ன பாதுகாப்பு வந்தது?

நம்மவர் என்பதற்காக ஒரு கண்ணை மூடிக்கொள்ளவும் நாம் தயாரில்லை. 1801 ஜூன் மாதம் திருச்சியிலும் சீரங்கத்திலும் சின்ன மருது ஒட்டச் செய்த அறிக்கை, அந்நியன் நாட்டைப் பிடுங்கியதைச் சொல்லும் வரையில் நியாயமே. ஆனால் ஆயுதம் எடுத்தவன், எடுக்காதவன் என்று பாராமல் ஐரோப்பியரைப் பூண்டோடு ஒழிக்கச் சொல்வது நியாயமல்ல. அதில் ஜனங்களைப் பிராமணர் முதல் சூத்திரர் வரை வரிசை வைத்து அழைத்திருப்பதோ நமக்கு வேறு விதத்தில் கசக்கிறது.

உள்நாட்டுச் சண்டையானாலும் ஒழுங்கான கோர்ட்டுத் தீர்ப்பின்றிப் பிடிபட்டவனைக் கொல்லக் கூடாது என்று 1949-ல் ஜினீவா ஒப்பந்தங்களில் உலகம் எழுதி வைத்தது. எழுதியும் என்ன? 2009-ல் இலங்கைச் சர்க்கார் தமது யுத்தத்துக்கு மனிதாபிமான நடவடிக்கை என்று பெயரிட்டதை நாம் பார்த்தோமே!

சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது வயது பதினைந்து. 1802 பிப்ரவரியில் எழுபதுக்கு மேற்பட்டவர்களோடு அந்தப் பையனையும் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். 1818-ல் வெல்ஷ் அங்கே போனபோது ஒருவர் வந்து எதிரே நின்றார். முப்பதை ஒட்டிய வயதிலேயே கிழடு தட்டியிருந்த அவர் தாம் இன்னாரென்று சொன்ன பிறகுதான் வெல்ஷுக்கு அடையாளம் தெரிந்தது.