ஆற்றுகையில் கல்: எடுப்பதும் திருப்பி வைப்பதும்

(அரியாலை ஆய்வரங்கின் தலைமை உரை)



பரிசோதனை ஆற்றுகையில் கல்லின் இடம் பற்றி ஆராய இங்கு கூடியிருக்கிறோம். அமெரிக்க இசையமைப்பாளர் கிறிஸ்டியன் வுல்ஃப் 1960களின் இறுதியில் ‘கற்கள்’ என்றொரு ஆக்கத்தைத் தந்தார். அதில் சுரக்குறிப்பு கிடையாது. கற்களைக் கொண்டு ஒலி எழுப்புங்கள், எதையும் உடைத்துவிடாதீர்கள் என்பதே அதன் சாரம். சீனக் கலைஞர் ஹே யுன்சாங் 2006இல் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு கல்லை எடுத்தார். அதைச் சுமந்து பிரித்தானியாவைக் கால்நடையாகவே சுற்றிவந்து, மறு ஆண்டு எடுத்த இடத்திலேயே வைத்தார். பிரெஞ்சுக் கலைஞர் ஆப்ரகாம் புவான்ஷ்வால் 2017இல் பாரிஸ் நகரில், தம் உடல் அளவுக்குக் குடைந்த சுண்ணக்கல்லுக்குள் ஒரு வாரம் அடைபட்டு இருந்தார். இம்மூவருக்கும் கல் மேடை அலங்காரம் அல்ல. அதன் இயல்புக்குத் தாங்களே இணங்கிப் போனார்கள்.

நமக்கு இது புதிதா? யாழ்ப்பாணத்துத் தெருவோரச் சுமைதாங்கியைப் பாருங்கள். ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக, மேற்பரப்பு தட்டையாகக் கட்டியிருப்பார்கள். அக்காலத்தில் தலைச்சுமையோடு வருபவர் அதன் அருகில் நின்று, முழங்காலைச் சிறிது மடக்கி, சுமையைப் பக்கவாட்டில் நகர்த்திக் கல்லில் ஏற்றிவிடுவார். இளைப்பாறிய பின், பிறர் கை உதவியின்றித் தாமே தலைக்கு மாற்றிக்கொள்வார். இவற்றில் பல, பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. இறக்க முடியாத சுமையோடு போனவளுக்காக, வழிப்போக்கர் சுமையை ஒரு கல் வாங்கிக்கொண்டது. உடலும் கல்லும் நினைவும் இவ்வளவு பொருந்திய ஆற்றுகை வேறெங்கும் அரிது என்பேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வற்றாத ஆறில்லாத இந்தக் குடாநாட்டில் மழைநீரைத் தேக்கிக் கிணறுகளுக்குத் தருவது நம் காலடியில் உள்ள சுண்ணக்கல். போரில் இடிந்த வீடுகளின் கற்களும் இதே மண்ணில்தான் கிடக்கின்றன. இந்த அரியாலையிலேயே, செம்மணி சித்துப்பாத்தி மயானத்து மனிதப் புதைகுழியிலிருந்து 2025இல் நீதிமன்ற மேற்பார்வையில் எலும்புகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இங்கே ஒரு கல்லைப் பெயர்ப்பவர் யாரோ ஒரு குடும்பத்தின் துயரத்தின் மீதும் கை வைக்கக்கூடும். அந்த எச்சரிக்கை இல்லாத பரிசோதனை வெறும் துணிச்சல், கலை ஆகாது.

ஆகவே கட்டுரையாளர்களிடமும் கலைஞர்களிடமும் மூன்று வேண்டுகோள்கள். ஆற்றுகைக்கு எடுக்கும் கல் எங்கிருந்து வந்தது, யாரிடம் கேட்டு எடுத்தோம், பின்னர் எங்கே போகும் என்பதை எழுதி வையுங்கள். சுமைதாங்கிகளையும், மாடுகள் உடலை உரசிக்கொள்ள நட்ட ஆவுரோஞ்சிக் கற்களையும் அரங்குக்குப் பெயர்த்து வராதீர்கள். பார்வையாளரை அவை இருக்கும் இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். வீதி அகலிப்பில் அவை மறையுமுன் ஊர் ஊராகச் சென்று படமும் அளவும் எடுத்து, அவற்றின் கதை அறிந்த முதியோரிடம் கேட்டுப் பதிவுசெய்யுங்கள்.

இன்றைய அமர்வுகள் அந்தப் பணிக்குக் கால்கோளாக அமையட்டும் என வேண்டி, ஆய்வரங்கைத் தொடக்கி வைக்கிறேன்.