சுட்ட எண்ணெயும் எரியெண்ணெயும்

(கழகத்தின் வெள்ளி விழாவை ஒட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் கல்வியின் பெருமையைப் பேசாமல், வடை சுட்டு மிஞ்சிய எண்ணெயைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் எண்ணக்கூடும். காரணம் உண்டு. நம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர், உணவு விடுதிகளிலிருந்து சுட்ட எண்ணெயைச் சேகரிக்கும் வண்டியில் வேலை பார்க்கிறார். ஒரு நாள் அவர் நம்மை வழியில் நிறுத்தி, "ஐயா, நாங்கள் டின் டின்னாக ஏற்றி அனுப்புகிற எண்ணெயை என்னதான் செய்கிறார்கள்?" என்று வினவினார். பத்தாம் வகுப்பு வரை அவருக்கு அறிவியல் கற்பித்த நாம், உடனே விடை சொல்ல இயலாமல் நின்றோம். அந்த வெட்கத்தின் விளைவே இவ்வுரை.

சுட்ட எண்ணெய்க்கு மூன்று வழிகள் உள்ளன. ஒன்று வயிறு, மற்றொன்று சாக்கடை, மூன்றாவது இயந்திரம். இம்மூன்றில் முதலிரண்டும் நம் மக்களின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடையவை.

முதலில் வயிற்றைக் காண்போம். எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுங்கால் அது கறுத்துத் தடிப்பதோடு, உடலுக்குத் தீங்கு செய்யும் துருவச் சேர்மங்களும் அதில் பெருகுகின்றன. அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தலாகாது என்னும் விதி 2018 ஜூலை முதல் நாள் முதல் நடைமுறையில் உள்ளது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவு நிலையங்கள் அதற்குக் கணக்கு வைத்து, மிஞ்சியதைப் பதிவு பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது 2019 மார்ச் முதல் நாள் முதல் வந்த ஏற்பாடு. ஆயினும், பெரிய கடையில் தள்ளிய எண்ணெய் மலிவு விலைக்குக் கைமாறிச் சிறிய கடைக்கு வருமாயின், அதை உண்பவர் யார்? வேலை முடித்து வரும் கூலித் தொழிலாளியும், பள்ளி விட்டு வரும் நம் பிள்ளைகளும் அல்லவா?

அடுத்தது சாக்கடை. கொதிக்கும்போது நீராய் ஓடும் கொழுப்பு, குளிர்ந்த குழாயில் கட்டியாகிறது. 2017ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் ஒயிட்சேப்பல் பகுதியில், ஏறத்தாழ 130 டன் எடையும் 250 மீட்டர் நீளமும் உள்ள கொழுப்புப் பாறை ஒன்று பாதாளச் சாக்கடையை அடைத்துக் கொண்டது. அங்கே நீர்ப் பீச்சிகளையும் பாதுகாப்பு உடைகளையும் கொண்டு வாரக் கணக்கில் உடைத்து அகற்றினர். இங்கே அடைப்பு ஏற்பட்டால் யாரை அழைக்கின்றனர் என்பதை இவ்வவையில் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மனிதர் கழிவை மனிதரே அகற்றும் கொடுமையைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தோரின் குடும்பத்திற்குப் பத்து இலட்ச ரூபாய் வழங்க 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023இல் அதனை முப்பது இலட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. கழுவு தொட்டியில் எவரோ ஊற்றும் எண்ணெய், எங்கோ ஒரு குழியில் நம்மவரின் மூச்சை அடைக்கும் அடைப்பில் ஒரு பங்காகிறது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இனி மூன்றாம் வழியாகிய இயந்திரத்திற்கு வருவோம். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் கண்ட இயந்திரம், 1900ஆம் ஆண்டின் பாரீஸ் பொருட்காட்சியில் கடலை எண்ணெயால் இயக்கிக் காட்டப்பட்டது. ஆம், நம் புன்செய்க் காட்டில் விளையும் அதே நிலக்கடலையின் எண்ணெய்தான்! பின்னர் மண்ணெண்ணெய் வகைகள் மலிந்தமையால் தாவர எண்ணெய் பின்தங்கியது. அதனைக் குறைத்தற்கு வேறொரு காரணமும் உண்டு. தாவர எண்ணெய், டீசலைப் போலப் பத்து மடங்கு அளவிற்குத் தடிப்பானது. அதை அப்படியே ஊற்றினால் நுண்துளைகளின் வழியே நன்கு சிதறாது. கரி படிந்து நாளடைவில் இயந்திரம் கெடும்.

இத்தடிப்பைக் குறைக்கும் வேதியியல் முறைக்கு 1937இல் பெல்ஜியம் நாட்டில் காப்புரிமை வழங்கப்பட்டது. அம்முறை யாது? ஒரு பனங்காயை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரே காய்க்குள் மூன்று நுங்குகள் இருக்கும். எண்ணெயின் மூலக்கூறும் அத்தகையதே. கிளிசரின் என்பது காய். மூன்று கொழுப்பு அமிலங்கள் நுங்குகள். எரிசோடா என்னும் வினையூக்கியின் துணையோடு மெத்தில் ஆல்கஹாலைச் சேர்த்தால், அது நுங்குகளைத் தனித்தனியே பிரித்துத் தன்னோடு இணைத்துக் கொள்கிறது. கனத்த காய் அடியில் தங்கிவிட, மெல்லிய நீர்மம் மேலே மிதக்கிறது. அதுவே உயிரி டீசல். கணக்கின்படி 100 கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ 11 கிலோ மெத்தில் ஆல்கஹால் போதும். அதனால் சுமார் 100 கிலோ உயிரி டீசலும் 10 கிலோவிற்குச் சற்று மிகுதியான கிளிசரினும் கிடைக்கும். வினை முழுமை பெறும் பொருட்டுச் செய்முறையில் ஆல்கஹாலைக் கூடுதலாகவே சேர்ப்பர்.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். எண்ணெயைத் துணியில் வடிகட்டி, நீர் முழுதும் அகலக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். நீர் இருப்பின் டீசலுக்குப் பதிலாகச் சோப்பே மிஞ்சும். பின்னர் தரம்பார்த்தல் செய்ய வேண்டும். ஒரு மில்லி லிட்டர் எண்ணெயைப் பத்து மில்லி லிட்டர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஃபினால்ஃப்தலீன் துளிகள் இட்டு, லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் எரிசோடா கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இளஞ்சிவப்பு நிறம் நிலைக்கும் வரை எத்தனை மில்லி லிட்டர் செலவாயிற்றோ, லிட்டர் எண்ணெய்க்கு அத்தனை கிராம் எரிசோடா கூடுதலாகத் தேவை. புது எண்ணெய்க்கு மூன்றரை கிராம் போதும். எண்ணெய் எவ்வளவு கெட்டதோ, அவ்வளவு எண் உயரும். எரிசோடாவை லிட்டருக்கு 200 மில்லி லிட்டர் மெத்தில் ஆல்கஹாலில் கரைத்துச் சேர்த்து, 55 பாகை செல்சியசு வெப்பத்தில் மூடிய கலத்தில் ஒரு மணி நேரம் கலக்கி, ஓரிரவு தெளியவிட்டு, கிளிசரினைப் பிரித்து, மேல் நீர்மத்தை நீரால் கழுவி உலர்த்த வேண்டும்.

"அப்படியானால் இதை வீட்டிலேயே செய்யலாமே?" என்று நம் இளைஞர்கள் துள்ளி எழக்கூடும். கூடாது என்பதே நம் விடை. மெத்தில் ஆல்கஹால் என்பது யாது என நம் தமிழகம் அறியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த நஞ்சு அதுவே. சிறிதளவு உட்சென்றாலும் பார்வையைப் பறிக்கும். ஆவியாகவும் தோல் வழியாகவும் உடலில் ஏறும். பற்றிக் கொண்டால் பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்குப் புலப்படாது. எரிசோடா கண்ணில் தெறித்தால் பார்வை போகும். ஓரறை வீட்டில், அடுப்பும் குழந்தையும் ஒரே இடத்தில் இருக்கும் நிலையில், இவற்றைக் குப்பியில் வைப்பது பாம்பைப் பானையில் வளர்ப்பதற்கு ஒப்பாகும். மேலும், 1959ஆம் ஆண்டு விதிகளின்படி தமிழ்நாட்டில் மெத்தில் ஆல்கஹாலை உரிமமின்றி வைத்திருப்பது குற்றம்.

நிற்க. "காலங்காலமாகக் கழிவை நம் கையில்தான் திணித்தார்கள்; நீரும் பிறர் கழித்த எண்ணெயைச் சேர்க்கவா சொல்லுகிறீர்?" என்று ஒரு பெரியவர் கேட்டால் அக்கேள்வியில் நியாயம் உண்டு. நாம் அந்த வேலையைப் புகழ வரவில்லை. டின்னைத் தூக்குவோர் ஒருவர், தரம் பார்ப்போர் ஒருவர், விலை வைப்போர் ஒருவர் என்று இத்தொழிலில் மூன்று நிலைகள் உள்ளன. முதல் நிலையில் மட்டுமே நம்மவர் நிற்பதுதான் பழைய அநீதியின் புதிய வடிவம். மற்ற இரண்டிற்கும் ஏறும் ஏணி வேதியியலும் கணக்குமே. அண்ணல் அம்பேத்கர் கல்வியை முதலில் வைத்ததன் பொருளை இங்கே காண்கிறோம்.

ஆகவே கழகத்திற்கு மூன்று வேண்டுகோள்கள். நம் குடியிருப்புகளில் எவரும் சுட்ட எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், தூக்குவாளியில் சேர்த்துப் பதிவு பெற்றோரிடம் விற்க ஏற்பாடு செய்தல் ஒன்று. மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவு எடுக்கத் தயங்கும் நம் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துதல் இரண்டு. உரிமம் பெற்று, பொறியாளரை வைத்து, கூட்டுறவு முறையில் சிறு ஆலை நிறுவ இயலுமா என ஆராய்தல் மூன்று. மூன்றாவது உடனே கைகூடாது போகலாம். முதலிரண்டிற்கு நாளையே தொடங்கலாம்.

இறுதியாக, அவ்விளைஞரின் செய்தி. ஒரு சனிக்கிழமை அவரைப் பள்ளி ஆய்வகத்திற்கு வரவழைத்து, இரண்டு கடைகளின் எண்ணெயைத் தரம் பார்க்கச் செய்தோம். ஒன்றிற்கு 2 மில்லி லிட்டரிலும், மற்றொன்றிற்கு 6 மில்லி லிட்டரிலும் நிறம் நிலைத்தது. அவர் இரு எண்களையும் தம் கையேட்டில் எழுதி, நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்து, பின் கேட்டார்: "அப்படியென்றால் ஐயா, இரண்டையும் ஒரே விலைக்கு ஏன் எடுக்கிறார்கள்?"

முதல் கேள்வி எண்ணெய் எங்கே போகிறது என்பது. இரண்டாம் கேள்வி விலையை யார் முடிவு செய்கிறார் என்பது. இவ்விரண்டிற்கும் இடையே இருந்தது ஒரு சனிக்கிழமை வேதியியல் பாடம். அத்தகைய சனிக்கிழமைகளை நம் பிள்ளைகளுக்கு வழங்குவதே இக்கழகத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளின் பணியாகுக என வேண்டி அமைகிறோம்.