தவணை கட்டாத சகோதரியும் நாமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியது)



கிறிஸ்தவச் சகோதரிகள் கேட்டுக்கொண்டபடி, இயேசு சொன்ன ஒரு விஷயத்தை இன்று பேசுவோம். மற்ற மதத்துச் சகோதரிகளும் கேளுங்கள். இது நம்ம எல்லாருடைய கடன் நோட்டையும் பற்றியது.

மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு கதை சொல்கிறார். ஒரு வேலைக்காரன் ராஜாவிடம் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்தே ஒரு கூலியாள் 15 வருஷத்துக்கு மேல் உழைத்தால் கிடைக்கிற பணம். அவன் காலில் விழுந்தான். ராஜா மனமிரங்கி முழுவதையும் தள்ளுபடி செய்தார். வெளியே வந்தவன், தனக்கு 100 வெள்ளிப்பணம் தரவேண்டியவனைப் பார்த்தான். அது 100 நாள் கூலி, அவ்வளவுதான். அவன் கழுத்தைப் பிடித்து, சிறையிலும் போட்டான். ராஜாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

கோயிலில் இதைக் கேட்டால் "இப்படியும் ஒருத்தனா!" என்கிறோம். குழுவில் நாம் என்ன செய்கிறோம்?

நாங்கள் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சகோதரி மூன்று தவணை கட்டவில்லை. எட்டுப் பேர் அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. நாங்களும் கூடவே நின்றோம், தடுக்கவில்லை. மறுநாள் கம்மலை அடகு வைத்துப் பணம் கொடுத்தனுப்பினார். அவர் பிள்ளை ஆஸ்பத்திரியில் இருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. பணம் வந்தது, ஆள் வரவில்லை.

"அப்போ கடனை விட்டுடணுமா?" என்று கேட்பீர்கள். இல்லை. ராஜா விட்டது தன் சொந்தப் பணம். குழுப்பணம் எல்லோருடைய சேமிப்பு, அதைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். எப்படிக் கேட்பது என்பதுதான் கேள்வி. அதற்கும் அதே அதிகாரத்தில் வழி இருக்கிறது. தப்பு செய்தவரிடம் முதலில் தனியாகப் பேச வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரோடு போக வேண்டும். அதற்குப் பிறகுதான் சபைக்குச் சொல்ல வேண்டும். நாம் முதலிலேயே ஊரைக் கூட்டிவிடுகிறோம்.

இனி இப்படிச் செய்வோம். தவணை நின்றால் ஊக்குநர் மட்டும் போய், "என்னக்கா, வீட்டுல என்ன கஷ்டம்?" என்று கேட்கட்டும். சரிவராவிட்டால் பிரதிநிதியையும் அழைத்துப்போய், தவணையைச் சின்னதாக்க முடியுமா என்று பேசுங்கள். அதற்குப் பிறகு கூட்டத்தில் பேசித் தீர்மானம் எழுதுங்கள். வாசலில் கூட்டம் மட்டும் வேண்டாம்.

போன மாதம் அந்தச் சகோதரியிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். சொம்பில் தண்ணீர் கொடுத்து, "உக்காருங்க" என்றார். குழுவுக்கு இன்னும் திரும்பவில்லை. மறுபடியும் போவோம்.

உங்கள் குழுவிலும் இப்படி நின்றுபோன ஒருவர் இருப்பார். இந்த வாரம் ஒரே ஒருவர் போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். பணத்தைப் பற்றிப் பேசாமல் வாருங்கள்.